மாதிரிப் புகையிரதமும் மறைந்த ஊர்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. உயர்வகுப்பு மாணவர் சிலர் ஒன்றுசேர்ந்து, ஊருக்கு அண்மையிலுள்ள சிறிய புகையிரத நிலையத்தின் மாதிரியொன்றைக் கடுதாசி மட்டையினால் அமைத்திருந்தனர். அதன் முன்னே வட்டமான தண்டவாளத்தில், கொழும்பிலிருந்து வருவித்த விளையாட்டு வண்டியொன்று சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். பிற்பகலில், புகையிரதப் பகுதியிற் கடமையாற்றி இளைப்பாறிய முதியவர் ஒருவர் வந்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தபின், "தம்பிமார், வண்டி நல்லாய் ஓடுது. ஆனால் இது எங்கடை ஸ்ரேசன் இல்லை" என்றார்.

மாணவர் திகைத்தனர். அவர்கள் அளந்து, படம் பிடித்து அமைத்தது அந்நிலையத்தைத்தான். ஆயினும் முதியவர் கூறியதும் உண்மையே. வடபகுதிப் புகையிரத சேவை 1990இல் நின்றுபோயிற்று. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரிலேதான். மாணவர் அறிந்தது புதிதாகக் கட்டப்பட்ட நிலையத்தை. முதியவர் மனத்தில் நின்றதோ, 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைத் தம் கண்ணாற் கண்ட பழைய நிலையம். "அப்ப பழைய ஸ்ரேசன் எப்பிடி இருந்தது, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்லி வந்தார். விறாந்தை, மரவாங்கு, தண்ணீர்த் தொட்டி, மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ஆனால் பயணச்சீட்டுக் கொடுக்கும் யன்னல் வாசலுக்கு இடப்புறமா வலப்புறமா என்று கேட்டபோது அவர் தயங்கினார். அந்நிலையத்தின் ஒளிப்படம் எவரிடமாவது உண்டா என விசாரித்தோம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. நானும் சிறுவயதில் அங்கே வண்டியேறியவன், எனக்கும் நினைவில்லை.

அன்றுமுதல் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மாதிரிப் புகையிரதம் என்பது சிறுபிள்ளை விளையாட்டா, அன்றி வரலாற்றுப் பணியா? மேனாட்டில் இக்கலை வளர்ந்த கதையை அறிய முற்பட்டேன். அது விளையாட்டாய்த் தொடங்கி வரலாறாய் முதிர்ந்த கதை என்று கண்டேன். அதனையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

பொதுமக்களை ஏற்றிச் செல்லும் நீராவிப் புகையிரதங்கள் இங்கிலாந்தில் 1825ஆம், 1830ஆம் ஆண்டுகளில் ஓடத் தொடங்கின. பெரியோர் கையாளும் பொருளெதனையும் சிறியதாக்கித் தமக்குக் கேட்பது சிறுவர் இயல்பு. ஆகவே விளையாட்டு வண்டிகளும் விரைவில் தோன்றின. பிரான்ஸ் தேசத்துச் சக்கரவர்த்தியாகிய மூன்றாம் நெப்போலியன், மூன்று வயதுடைய தம் மைந்தனுக்காக 1859இல் சான் குளு அரண்மனைப் பூங்காவில் எட்டு வடிவமான சிறு பாதையொன்றை அமைப்பித்தார். சுருள்வில்லை முறுக்கிவிட, வண்டி அதில் ஓடியது. அரசகுமாரனுக்குக் கிடைத்த இப்பேறு மற்றப் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் எட்டாக்கனியே. சாதாரணப் பிள்ளைகள் தகரத்தாலும் மரத்தாலுமான வண்டிகளைத் தரையிலே தள்ளி மகிழ்ந்தனர்.

அதே 1859ஆம் ஆண்டில், ஜேர்மனியின் கோப்பிங்கன் நகரில் மார்க்லின் என்னும் தகரத் தொழிலாளர் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். பாவைகளுக்குரிய சிறு சமையற் பாத்திரங்களே அங்கு முதலிற் செய்யப்பட்டன. பாவை வீடு வாங்கிய பிள்ளை அடுத்த ஆண்டு அதற்கொரு நாற்காலி கேட்கும். மறு ஆண்டு ஒரு கட்டில் கேட்கும். இந்த வியாபார நுட்பத்தை அவருடைய மைந்தர் புகையிரதத்துக்கும் பொருத்தினர். 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில், வரையறுத்த பாதை அகலங்களை உடைய வண்டித் தொகுதியைக் காட்சிக்கு வைத்தனர். ஒவ்வோர் அகலத்துக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப்பட்டது. இன்று வாங்கிய தண்டவாளத்தோடு நாளை வாங்குவதும் பொருந்தும் என்ற உறுதி அதனாற் கிடைத்தது. மாதிரிப் புகையிரதக் கலைக்கு அடித்தளம் இட்டது அந்த உறுதியே எனலாம்.

இங்கிலாந்திலே நோர்தாம்டன் நகரைச் சேர்ந்த பாசெற்-லோக் என்பார், 1900ஆம் ஆண்டுப் பரிஸ் கண்காட்சியில் ஜேர்மனியரின் வேலைத்திறனைக் கண்டு வியந்து, பிரித்தானிய எஞ்சின்களின் உருவத்தை ஒத்த மாதிரிகளை அவர்களைக் கொண்டே செய்வித்து விற்றார். ஹென்றி கிரீன்லி என்னும் பொறியியலாளர் அவருக்கு வரைபடங்கள் ஆக்கிக் கொடுத்தார். முதலாம் உலகப் போருக்குப்பின், 1920இல், லிவர்பூல் நகரத்துப் பிராங் ஹோர்ன்பி தமது சுருள்வில் வண்டிகளை வெளியிட்டார். 32 மில்லிமீற்றர் அகலமான பாதையில் ஓடிய அவ்வண்டிகள் ஆங்கிலச் சிறுவர் பலரின் உள்ளத்தைக் கவர்ந்தன.

எனினும் அவை ஓடிய இடம் யாது? வீட்டுக் கூடத்தின் தரை. நாற்காலிக் கால்கள் மலைகளாயின. கம்பளத்தின் ஓரம் கடற்கரையாயிற்று. இரவானதும் தாயார் வந்து, எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்துவை என்பார். அங்கே வண்டி இருந்தது; ஊர் இல்லை.

இந்நிலையை மாற்றியது அளவின் சுருக்கமே. 1935இல் ஜேர்மனிய நிறுவனங்கள் 16.5 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதையில் ஓடும் மின்சார வண்டிகளை வெளியிட்டன. முன்னைய அகலத்தில் ஏறத்தாழப் பாதியளவு அது. தரையில் ஓடிய வண்டி மேசைமேல் ஏறியது. மேசைமேல் ஏறியதும், இரவிற் கழற்றி வைக்கவேண்டிய அவசியம் குன்றியது. பலகையோடு தண்டவாளத்தை ஆணியால் அறைந்துவிடலாம். அறைந்தபின் அருகே ஒரு குன்றை எழுப்பலாம். குன்றின்மேல் ஒரு வீடு கட்டலாம். நிலைத்த பாதை கிடைத்தபின்னரே நிலக்காட்சிக்கு வழி பிறந்தது.

இவ்விடத்தில் ஒரு சுவையான பிழையையும் சொல்லவேண்டும். ஐரோப்பியர் மெய்யான ஓர் அடியை 3.5 மில்லிமீற்றராகச் சுருக்கினர். அவ்வளவில் 16.5 மில்லிமீற்றர்ப் பாதை மிகச் சரியானதே. ஆனால் பிரித்தானிய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களிலும் உருவிற் சிறியவை. 3.5 மில்லிமீற்றர் அளவிற் செய்தால், அக்காலத்து மின்மோட்டரை அவற்றின் வயிற்றுக்குள் அடக்க முடியவில்லை. ஆகவே பிரித்தானியர் எஞ்சினின் உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீற்றராகப் பெருப்பித்தனர். பாதையையோ மாற்றாமல் விட்டனர். விளைவு யாது? மெய்யான பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். மாதிரிப் பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தால் 4 அடி 1½ அங்குலமே வருகின்றது. ஏழு அங்குலம் காணாமற் போயிற்று! 1938இல் வெளிவந்த ஹோர்ன்பியின் சிறு வண்டிகளும் இவ்வளவையே பின்பற்றியமையால் அப்பிழை நிலைபெற்றுவிட்டது. இன்றும் பிரித்தானியக் கடைகளில் விற்கப்படும் வண்டிகளிற் பெரும்பாலானவை இந்தக் குறையுடனேயே ஓடுகின்றன.

இப்பிழையைச் சிலராற் பொறுக்க முடியவில்லை. அவர்கள் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் தம் கையாலேயே செய்து, பாதையை 18 மில்லிமீற்றராக அகட்டினர். 1960களில் வேறு சிலர் அதுவும் போதாதென்று 18.83 மில்லிமீற்றர் என்ற நுண்ணளவுக்கே சென்றனர். ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த வேறுபாட்டுக்காக மாதக்கணக்கில் உழைப்பது பைத்தியக்காரத்தனம் அன்றோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் நேயர்கள் நம் நாட்டையே எண்ணிப் பாருங்கள். இலங்கையின் பிரதான பாதைகள் 5 அடி 6 அங்குலம் அகலமானவை. அடிக்கு 4 மில்லிமீற்றர் அளவில் யாழ்தேவியை அமைக்க விரும்புபவன், பாதையை 22 மில்லிமீற்றராக அமைத்தல் வேண்டும். கடையில் வாங்கிய 16.5 மில்லிமீற்றர்ப் பாதையில் அதனை நிறுத்தினால், அகன்ற நம் வண்டி ஒடுங்கிய காலில் நிற்பதுபோலத் தோன்றும். எம் மாணவர் அமைத்த மாதிரியில் ஏதோ ஒன்று பொருந்தாமல் இருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னரே அறிந்தேன்.

ஆயினும் அளவு ஒன்றே உண்மையாகிவிடாது. அடிக்கு 4 மில்லிமீற்றர் என்றால் ஆறடி மனிதன் 24 மில்லிமீற்றர் உயரம். ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அவனை மேசையில் நிறுத்தலாம். ஆனால் ஒரு மைல் நீளமான பாதை அதே அளவில் 21 மீற்றர் ஆகும். எவருடைய அறையில் அதற்கு இடமுண்டு? அன்றியும், மெய்யான வண்டி திரும்பும் வளைவு மிக விரிந்தது. அதனை அளவுப்படி சுருக்கினாலும் மேசை கொள்ளாது. எனவே மாதிரியமைப்பவன் எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிய வேண்டியவனாகின்றான். இறுக்கமான வளைவைக் குன்றின் பின்னோ சுரங்கத்தினுள்ளோ மறைக்கின்றான். வயல்வெளியின் எல்லையில் ஒரு திரையை நிறுத்தித் தூரத்து மலைகளைத் தீட்டுகின்றான். வரலாற்றாசிரியனும் நூறாண்டுகளை நூறு பக்கங்களில் அடக்கும்போது இதனையே செய்கின்றான் அல்லனோ? விடவேண்டியதை விட்டும், பொய் சொல்லாதிருப்பதே இருவருக்கும் உள்ள சோதனை.

இச்சோதனையில் வெவ்வேறு வழிகளில் வெற்றி கண்ட நால்வரைப் பற்றி இனிக் கூறுவேன்.

முதலாமவர் இலண்டனில் வாழ்ந்த ஜோன் ஏஹேர்ன். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் இவர் 'மடர் பள்ளத்தாக்கு' என்னும் கற்பனைப் பாதையொன்றை அமைக்கத் தொடங்கினார். அதுவரை மாதிரியமைப்போர் எஞ்சினையே பெரிதாக எண்ணினர். நிலையமும் வீடுகளும் அதற்கு அலங்காரமாகவே நின்றன. ஏஹேர்ன் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கினார். ஒரு துறைமுகம், ஒரு சிற்றூர், ஓர் ஆறு, அவற்றினூடே ஒரு சிறு வண்டி. அவ்வூர் மக்களுக்காகவே அவ்வண்டி ஓடுகின்றது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு எழும்படி அமைத்தார். பாதை கற்பனையே, ஆனால் வீடுகள் பலவற்றுக்கு மெய்யான கட்டடங்களே மாதிரியாய் அமைந்தன. தம் முறைகளை அவர் மறைத்து வைக்கவில்லை. சிறு கட்டடங்கள் அமைக்கும் விதத்தையும் நிலக்காட்சி அமைக்கும் விதத்தையும் விளக்கி 1950களின் தொடக்கத்தில் நூல்கள் வெளியிட்டார். வண்டிக்காக ஊர் அன்று, ஊருக்காகவே வண்டி என்பது அவர் கற்பித்த பாடம்.

இரண்டாமவர் பீற்றர் டெனி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். 1940களில் இவர் தொடங்கிய பக்கிங்ஹம் கிளைப்பாதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைக் காட்டுவது. இவருடைய சிறப்பு காலவொழுங்கில் இருந்தது. இவருடைய வண்டிகள் நினைத்தபடி ஓடுவதில்லை. அச்சிட்ட நேரசூசிப்படியே புறப்பட்டு, நேரசூசிப்படியே சேரும். ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்துக்கு மணியடித்து அனுமதி கேட்கவேண்டும். விடை வந்தபின்னரே கைகாட்டி சாயும். தமக்குத் துணையாக ஒருவருமில்லாத வேளைகளில் மறு நிலையத்தின் வேலையைச் செய்வதற்கு இவர் ஓர் இயந்திரத்தைத் தாமே ஆக்கினார். அதற்குத் தம் மகனின் பெயரையே இட்டு, 'தானியங்கி கிறிஸ்பின்' என்று அழைத்தார். மெய்யான புகையிரதப் பகுதியும் மாதிரிகளின் இப்பயனை அறிந்தே இருந்தது. இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில், கைகாட்டி இயக்குவோரைப் பயிற்றுவதற்காக முதலாம் உலகப் போருக்கு முன்பே அமைக்கப்பட்ட மாதிரிப் பாதையொன்று 1990கள் வரை பயன்பட்டது. அது பின்னர் யோர்க் நகரத்துத் தேசிய புகையிரத நூதனசாலையைச் சென்றடைந்தது.

மூன்றாமவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மொன்டரே நகரில் வாழ்ந்த ஜோன் அலன். 1913இற் பிறந்த இவர் தொழிலால் ஒளிப்படக் கலைஞர். தம் மாதிரிப் பாதைக்கு இவர் இட்ட பெயரை ஆங்கிலத்தில் உச்சரித்தால், 'குருதி தோய்ந்ததும் தோல்வியுற்றதும்' என்று பொருள்படும், அத்துணை வேடிக்கைக்காரர். தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பி, பள்ளத்தாக்குகளின்மேற் பாலங்களைத் தொங்கவிட்டார். சிறு கண்ணாடிகளைப் பொருத்தித் தெருக்களை நீண்டனவாகக் காட்டினார். ஆனால் இவருடைய பெரும் பங்களிப்பு வேறொன்று. புதுவண்டி மினுங்கினால் அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும் என்பதை இவர் தெளிவாக உணர்ந்தார். எஞ்சினிற் கரியும் எண்ணெயும் படியவேண்டும். வண்டிப்பெட்டியின் நிறம் வெயிலில் வெளுத்திருக்கவேண்டும். தகரத்திற் கறள் ஏறவேண்டும். பலகைச் சுவர் மழையில் நனைந்து நரைத்திருக்கவேண்டும். தூரிகையும் நீர்த்த வர்ணமும் கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் வயதைக் கொடுத்தார். எம் மாணவரின் நிலையம் உயிரற்றுத் தோன்றியமைக்கு இதுவும் காரணம். அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் நிறத்தை ஒரே நாளிற் பூசியிருந்தனர்.

அலனின் முடிவு துயரமானது. 1973 சனவரியில் அவர் மாரடைப்பால் இறந்தார். சில நாட்களுள் அவருடைய வீட்டில் தீப்பற்றி, அவர் பல்லாண்டுகளாய் உழைத்து அமைத்தது அழிந்துபோயிற்று. அவர் எடுத்த ஒளிப்படங்கள் எஞ்சியமையாலேயே அதன் சிறப்பை இன்றும் பிறர் அறிகின்றனர். ஒன்றன் நினைவைக் காக்கும் மாதிரியையும் காக்க ஒருவர் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்காமவரின் வரலாறே என்னைப் பெரிதும் கவர்ந்தது. அவர் பெயர் ரோய் இங்லண்ட். பெயர் அவ்வாறிருப்பினும் அவர் பிறந்தது அவுஸ்திரேலியாவில். கிரேட் வெஸ்டர்ன் என்னும் ஆங்கிலப் புகையிரதக் கம்பெனிமீது கொண்ட ஆர்வத்தால் 1925இல் இளைஞராக இங்கிலாந்துக்கு வந்தார். வந்தவர் வண்டியை மட்டும் காணவில்லை. அது ஓடிய 'வெண்குதிரைப் பள்ளத்தாக்கு' என்னும் நாட்டுப்புறத்தையும் கண்டார். சுண்ணக்கல் மலைச்சாரலில் முன்னோர் வெட்டிய மாபெரும் குதிரை உருவத்தாற் பெயர்பெற்ற நிலம் அது. வைக்கோல் வேய்ந்த குடில்கள், வேலிகள், தோட்டங்கள், தூசி படிந்த தெருக்கள்.

அவருடைய கண்ணெதிரிலேயே அவை மாறிக்கொண்டிருந்தன. பழைய குடிலொன்றின் வைக்கோற் கூரையை நீக்கிவிட்டு, இளஞ்சிவப்பு நிற அஸ்பெஸ்ரஸ் ஓடு வேய்வதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். தடுக்க அவராலியலாது, அவர் செல்வந்தரும் அல்லர். குடியிருப்பவன் நல்ல கூரை தேடுவதிற் குற்றமும் இல்லை. ஆகவே அவர் ஒரு தீர்மானஞ் செய்தார். இக்குடில்கள் அழியுமுன் ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, உள்ளதை உள்ளவாறே மாதிரியாய் வைப்பேன் என்பதே அது. அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் அளவில், மட்டையை வெட்டி, ஒவ்வொரு செங்கல்லின் எல்லையையும் கீறி, நீர்வர்ணம் தீட்டினார். ஒரே சுவரில் இரண்டு செங்கற்கள் ஒரே நிறமாயிருப்பதில்லை என்பதைக் கண்டு அவ்வாறே தீட்டினார். யன்னலூடு பார்ப்பவருக்கு வீட்டினுள்ளே மேசையும் தட்டுமுட்டும் தெரியும். தோட்டத்திலே கோவாவும் பூஞ்செடியும் கடுதாசியில் வளர்ந்தன. ஒரு வீட்டுக்கே மாதங்கள் பல செல்லும்.

1954இல், ஒக்ஸ்போட் பகுதியைச் சேர்ந்த லோங் விற்றனம் என்னும் சிற்றூரில், பெண்டன் நூதனசாலை அவரால் நிறுவப்பட்டது. அவரோடு தொண்டர் பலர் சேர்ந்தனர். கை விரேகம் அறிந்த ஒருவர் எஞ்சின் செய்தார். ஒருவர் மரம் செய்தார். ஒருவர் வேலி செய்தார். 1920களையும் 1930களையும் சேர்ந்த அப்பள்ளத்தாக்கு மெல்ல மெல்ல உருப்பெற்றது. 1995இல் அவர் மறைந்த பின்னரும் வேலை நிற்கவில்லை. 1961இல் இறந்த ஜோன் ஏஹேர்னின் மடர் பள்ளத்தாக்கும் அந்நூதனசாலையிலேயே பாதுகாக்கப்படுகின்றது. அலனுடைய உழைப்பு தீயிலே போயிற்று; ஏஹேர்னுடைய உழைப்பு நிலைத்தது. ஒன்றைக் காக்க ஒரு நிறுவனமும் தொடர்ந்து வரும் கைகளும் இருந்தன என்பதே வேறுபாடு.

காலம் செல்லச் செல்ல இக்கலைக்குரிய கருவிகளும் திருந்தியுள்ளன. முன்னர் கம்பிவலையின்மேற் பழைய பத்திரிகைத் தாளையும் பரிஸ் சாந்தையும் பூசிக் குன்று செய்தனர். சாயமிட்ட மரத்தூளே புல்லாயிற்று. இன்று நுண்ணிய இழைகளை மின்னேற்றி, பசை பூசிய நிலத்தில் ஒவ்வோர் இழையும் நிமிர்ந்து நிற்குமாறு தூவுகின்றனர். முன்னர் ஒரே பாதைப் பகுதியில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே இயக்குவது அரிது; 1990களிற் பரவிய இலக்கமுறைக் கட்டுப்பாட்டினால், ஒவ்வோர் எஞ்சினும் தனக்குரிய கட்டளையை மட்டும் ஏற்று ஓடுகின்றது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 2001இற் திறக்கப்பட்ட பெரும் மாதிரியுலகம் கணினிகளால் இயங்குகின்றது. எனினும் கருவி எத்துணை திருந்தினும், முதலில் விடை காணவேண்டிய கேள்விகள் மாறவில்லை. எந்த இடம்? எந்த ஆண்டு? யார் அதைக் கண்டவர்? ஓர் ஆண்டைத் தெரிந்துகொள்ளாதவன் எந்த ஆண்டுக்கும் உரியதல்லாத ஊரையே கட்டுவான்.

இனி எமது பாடசாலைக்கு மீள்வேன். கண்காட்சி முடிந்தபின் அம்மாணவர் தம் மாதிரியைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கினர். முதலில் ஓர் ஆண்டைத் தெரிந்தனர், 1980. பின்னர் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, அந்நிலையத்தை அறிந்த முதியோரின் வீடுகளுக்குச் சென்றனர். ஒருவர் கூரையின் வடிவத்தைச் சொன்னார். அங்கே கடலை விற்ற அம்மையார் ஒருவர், தாம் இருந்த வேப்பமர நிழல் காலையில் எங்கே விழும் என்று சொன்னார். அதைக்கொண்டு மரம் நின்ற இடத்தை அறிந்தனர். தரையில் எஞ்சிய பழைய அத்திவாரத்தின் ஒரு பகுதியையும் அளந்தனர். வட்டத் தண்டவாளத்தை நீக்கி, ஒரு முனையில் வந்து மறுமுனையில் மறையும் நேர்ப்பாதையை இட்டனர். மினுங்கிய மஞ்சள் நிறத்தின்மேல் உப்புக்காற்றும் மழையும் பட்ட சுவரின் கறையைத் தீட்டினர்.

பயணச்சீட்டு யன்னல் மட்டும் தீராத வழக்காகவே நின்றது. அது வாசலுக்கு இடப்புறம் என்றனர் இருவர். வலப்புறம் என்று உறுதியாய் நின்றார் ஒருவர். மாணவர் என்னிடம் வந்தனர். "ஐயா, எந்தப் பக்கம் வைக்கிறது?" என்று கேட்டனர். இடப்புறம் வையுங்கள், ஆனால் அதனருகே ஒரு சீட்டில், 'இருவர் இடம் என்றனர், ஒருவர் வலம் என்றார்' என்று எழுதி வையுங்கள் என்றேன். இவ்வளவு காலமும் வகுப்பறையிற் சான்று, மறுப்பு, ஐயம் என்று நான் விளக்கியவற்றை அச்சிறு சீட்டின் முன்னே நின்றபோது அவர்கள் தெளிவாக விளங்கிக்கொண்டனர்.

அம்முதியவரும் மறுபடி வந்து பார்த்தார். யன்னலைச் சுட்டி, தாம் அன்று தயங்கியதை நினைத்துச் சிரித்தார். பின் மேடையின் ஓரத்தில் வெறுமையாயிருந்த ஓர் இடத்தைக் காட்டி, அங்கே ஒரு சிவப்பு வாளி தொங்கவேண்டும், தீயணைக்கும் மணல் வாளி, என்றார். மறுநாள் அங்கே வாளி தொங்கியது.

நேயர்களே, ரோய் இங்லண்ட் தம் வேலையைத் தொடங்கியபோது குடில்கள் இன்னும் நின்றன. அளக்கச் சுவர் இருந்தது. நமக்கோ பல இடங்களிற் சுவரும் இல்லை. சொல்வோர் சிலரே எஞ்சியுள்ளனர், அவர்களும் முதியோர். ஆகவே புகையிரத நிலையமாயினும் சரி, சங்கக்கடையாயினும் சரி, உங்கள் ஊரின் பழைய வாசிகசாலையாயினும் சரி, அதனைக் கண்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அவரருகில் அமருங்கள். வாசல் எந்தத் திசை, யன்னல் எந்தப் பக்கம், மரம் எங்கே நின்றது என்று கேட்டு ஒரு தாளிற் கீறி வையுங்கள். பழைய பெட்டியில் ஒளிப்படம் இருந்தால், அதன் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். மாதிரி அமைப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.